முதல் வாய்

பச்சையாக மினுங்கும் அந்தச் சின்னத் திரையில் மனிதர்கள் தெரிய மாட்டார்கள். அவர்கள் சாப்பிட்டது மட்டும்தான் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் அணு மருத்துவப் பிரிவில் நான் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது முதல் நாளே என்னைப் பயமுறுத்தியது இந்த விஷயம்தான். எக்ஸ்ரே என்றால் எலும்பாவது தெரியும். ஓர் ஆள் அங்கே நிற்கிறார் என்று மனசு சமாதானப்படும். எங்கள் காமா கேமராவுக்கு எலும்பும் கிடையாது, தோலும் கிடையாது. ஐசோடோப் என்கிற கதிர்வீச்சு மருந்து கலந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் அதன் முன்னால் வந்து நின்றால், இருட்டில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். விழுந்து விழுந்து கூடி, கடைசியில் அந்த இட்லி மட்டும் அந்தரத்தில் தொங்கும். தின்றவரை எங்கேயும் காணோம். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்டு அடைத்த அறை. வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஏ.சி. ஓடி விறைக்கும். அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்து யாரோ ஒருவருடைய காலை ஆகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரியான வேலை. பழகிப்போயிற்று என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பழகவே இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் குடல்புண் ஆபரேஷன் ஆகாத தெரு கிடையாது. காரம், புளிப்பு, நேரங்கெட்ட சாப்பாடு என்று என்னென்னவோ காரணம் சொன்னார்கள். அமிலம் குறைவதற்காக ஒரு நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையிலிருந்து குடலுக்குப் புதிதாக ஒரு வழி வைத்துத் தைத்துவிடுவார்கள். பெரும்பாலும் நன்றாக ஆகிவிடும். சிலருக்கு மட்டும் பிற்பாடு வேறு தொல்லை. ஒருத்தருக்குச் சாப்பாடு சல்லடையில் விழுந்த மாதிரி சடசடவென்று இறங்கி, வேர்த்துக்கொட்டி மயக்கம் வரும். இன்னொருத்தருக்கு இறங்கவே இறங்காது. காலையில் தின்றதைச் சாயங்காலம் அப்படியே வாந்தி எடுப்பார். எது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று வயிற்றைக் கிழிக்காமல் பார்ப்பதற்குத்தான் எங்கள் கேமரா. வெளிநாட்டுப் புத்தகத்தில் முட்டையில் கலந்து கொடுக்கச் சொல்லியிருந்தது. எங்கள் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஆளு காலைல என்னத்தத் திங்கிறானோ அதுதான் அவன் வயித்துக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே ஈயச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் கையுறை மாட்டிக்கொண்டு, கடையில் வாங்கிய மாவில் ஐசோடோப்பைக் கலந்து, ஒரு சின்னப் பாத்திரத்தில் நான் இட்லி ஊற்றுவேன். என் அம்மா பள்ளிக்கூட டீச்சர். "ஏண்டி, இம்புட்டுப் படிக்க வச்சு அங்க போயும் இட்லிதான் ஊத்துறியா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

பேரையூர் அக்காவை நான் பார்த்தது அந்த இட்லியால்தான். பேரையூர் பக்கம் பிறந்து, உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசக்காட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். கணவரோடும் கணவருடைய அக்காவோடும் வந்திருந்தார். கணவர் ஒரு காலத்தில் ஏர் பிடித்த உடம்புதான் என்று தோளைப் பார்த்தால் தெரிந்தது. இப்போது அந்தத் தோளில் சட்டை மாட்டி வைத்த மாதிரி தொங்கியது. நாத்தனார் நெற்றி நிறையத் திருநீறு பூசி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பையைச் சுமந்துகொண்டு நாலடி தள்ளி நின்றார். கூட வந்தவர் மாதிரியே இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

நான் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள் நாத்தனார் முழுக்கதையையும் கொட்டிவிட்டார். தாய் தகப்பன் இல்லாமல் அவர்தான் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தம்பிக்குக் குடல்புண் ஆபரேஷன் ஆகி, தேறி, கல்யாணமும் ஆயிற்று. ஆனதும் பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டார். போன பிறகுதான் இந்த வாந்தி. "எம் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பய தாயி. ஒரே வருசத்துல அக்கா வேண்டாம்னு போறான்னா என்ன அர்த்தம்? சோத்துல இட்டுட்டா" என்றார். அக்காவின் முன்னால், அவர் காதில் விழும்படியே சொன்னார்.

இடுமருந்து. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆளை வசப்படுத்த என்னத்தையோ சோற்றில் கலந்து போட்டுவிடுவார்களாம். அது செரிக்காதாம், வெளியேறாதாம், வயிற்றுக்குள் உட்கார்ந்து வருஷக்கணக்காக வளருமாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய்ப் பாட்டுப் பாடுகிற என் அம்மாவே, சில வீடுகளுக்கு நான் கிளம்பினால், "அங்க கை நனைச்சுறாத, என்ன?" என்று காதோடு சொல்லி அனுப்புவாள். அதை எடுப்பதற்கென்றே வைத்தியர்கள் உண்டு. நாத்தனாரும் கூட்டிப்போயிருந்தார். அந்த வைத்தியர் தொப்புளில் குழல் வைத்து உறிஞ்சி, மயிரும் மாவுமாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டிவிட்டு, "வேரு உள்ளதான் நிக்கிது, என்னால ஆகாது" என்று கையை விரித்துவிட்டாராம்.

பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், நோவு இன்னதென்று அங்கே சொல்லிவிட்டால் அந்தப் பெண்பிள்ளைமேல் பழி இல்லை; ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் அத்துவிட்டுவிடலாம் என்று முடிவு. அத்துவிடுவது என்றால் கல்யாணத்தை முறிப்பது. அதுவரைக்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் எதைச் சாப்பிட்டாலும், யார் சமைத்ததாக இருந்தாலும், பெண்டாட்டி முதல் வாய் தின்று காட்ட வேண்டும். அவள் விழுங்கி, கொஞ்ச நேரம் போய், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர் கை வைப்பார். ஊர் பேருக்குச் சொன்ன ஏற்பாட்டை அந்த வீட்டில் வேளை தவறாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் அதிகம். "ஏங்க, நீங்களும் இதை நம்புறீங்களா?" என்று அந்த மனுஷனிடமே நேராகக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, "எனக்கு என்னங்க தெரியும், அவுக சொல்றாக" என்றார். ரெண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட அப்பாவி என்று அவர்மேல் எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். அறைக்குள் நோயாளி மட்டும்தான் வரலாம். ஆனால் அவர் தனியாக வர மாட்டேன் என்று நின்றதால் அக்காவையும் உள்ளே விட்டேன். இட்லித் தட்டை இடுக்கியால் எடுத்துக் கணவர் மடிமேல் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவ்வளவுதான். அக்கா குனிந்து, ஓரத்தில் ஒரு விள்ளல் பிய்த்து, வாயில் போட்டு விழுங்கிவிட்டார். "ஐயையோ, துப்புங்க, துப்புங்க!" என்று நான் கத்தியதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கத்தியதைப் பார்த்து அந்த மனுஷன் தட்டைத் தள்ளிவிடப் பார்த்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். அக்கா மாசமாக இருக்கிறாரோ என்பதுதான் என் பயம். கேட்டேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கு அவரு பக்கத்துல படுக்கணும்ல" என்றார். சொன்ன விதத்தில் வெட்கம்கூட இல்லை. அலுப்புதான் இருந்தது.

டாக்டர் வந்து, அந்தத் துளி அளவுக்குப் பயம் இல்லை என்று சொல்லி, எதற்கும் கேமரா முன்னால் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தினேன். இருண்ட திரையில் ஒரே ஒரு மின்மினிப்பூச்சி மாதிரி கொஞ்சம் வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. மற்றபடி வெறும் இருட்டு. அக்கா கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தார். "அம்புட்டுத்தானா நானு?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் கணவர் மிச்ச இட்லியைத் தின்றார். அவரை நிறுத்தினேன். புள்ளிகள் விழ ஆரம்பித்தன. இரைப்பை ஓர் அவரை விதை மாதிரி உருவெடுத்து வந்தது. நேரம் போகப் போகக் குடல் பக்கம் ஒரு கோடாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை. சாப்பாடு அப்படியே தங்கி நின்றது. அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்று அந்த வெளிச்சத்துக்கு நடுவில் இருந்தது. நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். சுற்றிலும் இட்லி மினுங்குகிறது, அந்த வட்டத்துக்குள் மட்டும் ஒரு புள்ளிகூட விழ மாட்டேன் என்கிறது.

கேமராவில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே இருக்கும் குழல்களில் ஒன்று செத்துப்போனால் திரையில் இப்படித்தான் ஒரு கறுப்பு விழும். அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஆளை நகர்த்திப் பார்க்க வேண்டும். கோளாறு கேமராவில் என்றால் கறுப்பு இருந்த இடத்திலேயே நிற்கும். "ஒரு சாண் இடது பக்கம் தள்ளி நில்லுங்க" என்றேன். தள்ளி நின்றார். கறுப்பு வட்டமும் கூடவே தள்ளிப் போயிற்று. படுக்கையில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். அது மெதுவாக, தானே உருண்டு, கீழ்ப்பக்கம் போய் உட்கார்ந்தது. என் பின்னங்கழுத்தில் மயிர் கூச்செறிந்தது. அறையின் குளிர் என்று சொல்லிக்கொள்ள முயன்றேன்.

"அந்தா இருக்குடா தம்பி."

நாத்தனார் எப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது. என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. அத்தனை காலம் தேடியதைக் கண்டுவிட்டவர் குரலில், மெதுவாகச் சொன்னார். நான் திரும்பி, அதெல்லாம் ஒன்றுமில்லை, வெளியே போங்கள் என்று விரட்டியிருக்க வேண்டும். விரட்டவில்லை. ஏனென்றால் உள்ளே ஏதோ இருந்தது. நானே பார்த்தேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து, "சிஸ்டர், நெசமாவே அங்க என்னமோ இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல முடியவில்லை. "இருக்குது. என்னன்னு டாக்டர் சொல்வாரு" என்றேன். அவர் தன் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "நான் ஒண்ணும் வைக்கலையே" என்றார். பிறகு ரொம்பத் தணிவாக, "எனக்கே தெரியாம வச்சிருப்பனோ?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ நோயாளிகள் அழுததைப் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்வி மாதிரி எதுவும் என்னை உலுக்கியதில்லை.

முன்பு வெளியில் எடுத்த எக்ஸ்ரேயில் அது சாப்பாடு தங்கியிருப்பதாகத் தெரிந்து ஏமாற்றியிருக்கிறது. எங்கள் படத்தைப் பார்த்த சர்ஜன் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார். ஆபரேஷன் வரைக்கும் வார்டில் இருந்த நாட்கள் அக்காவுக்கு நரகம்தான். நாத்தனார் படத்தில் கண்டதைக் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லியிருந்தார். குழாயடியில் அக்கா வந்தால் மற்றவர்கள் சொம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். குழந்தை வைத்திருந்தவள் முந்தானையால் அதன் வாயை மூடினாள். ஆனாலும் அவர் வேளை தவறாமல் போய்க் கணவரின் கஞ்சியில் முதல் வாய் குடித்துக் காட்டிவிட்டு வருவார்.

அந்தக் காலத்தில் வயிற்றிலிருந்து எதை எடுத்தாலும் தியேட்டர் வாசலில் உறவுக்காரர்களிடம் காட்டிவிடுவார்கள். நானும் போய் நின்றேன். சர்ஜன் ஒரு தட்டில் கொண்டுவந்தார். கறுப்பும் பச்சையுமாக, இறுகிப்போன ஓர் உருண்டை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. நாத்தனார் ரெண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டு, "பாத்தீகளா, பாத்தீகளா" என்று அழ ஆரம்பித்தார். வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தூணில் சாய்ந்து நின்றார். சர்ஜனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்கு இடுக்கியால் அந்த உருண்டையைப் பிளந்து, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். நார் வந்தது. நூல் நூலாக, வெளுத்த நார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

"பனங்கிழங்கு" என்றார் சர்ஜன். "இந்த ஆபரேஷன் ஆனவங்களுக்கு வயிறு அரைக்காது. நார் உள்ளயே தங்கி, ஒண்ணோட ஒண்ணு பின்னி உருண்டையாயிரும். கிழங்கு அம்புட்டும் யாரு குடுத்தது?"

நாத்தனாரின் கைகள் தலைக்குமேலேயே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. தை மாசமானால் கட்டுக் கட்டாகக் கிழங்கு அவித்து, தனிக்குடித்தனம் போன தம்பியைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உரித்து உரித்துக் கொடுத்திருக்கிறார். உடம்புக்குப் பலம் என்று. அவர் வாந்தி எடுக்க ஆரம்பித்த பிறகு இன்னும் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். "ஆசையாத்தான குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "மதினி, எந்திரிங்க, குடிங்க" என்று நீட்டினார். நாத்தனார் அதை வாங்கி, ஒரு நொடிகூட யோசிக்காமல், மடமடவென்று குடித்தார். வராண்டாவே பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் முடிந்தது, பழி போயிற்று என்று டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

தையல் ஆறி, வாய் வழியாகக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொன்ன அன்று நான் வார்டில் இருந்தேன். உருண்டையைக் கணவருக்கும் காட்டியிருந்தார்கள். நாரையும் காட்டி, விளக்கமும் சொல்லியாகிவிட்டது. அக்கா டம்ளரில் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார். அவர் வாங்கினார். முகர்ந்து பார்த்தார். பிறகு டம்ளரை அக்காவிடமே திருப்பி நீட்டி, "நீ ஒரு வாய் குடி" என்றார்.

நாத்தனார் பதறிப்போய், "ஏய், கிறுக்கா, அதான் என்னன்னு தெரிஞ்சுபோச்சுல்ல" என்றார். அவர் கையை இறக்கவில்லை. அவர் கண் அக்காவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவுக சொல்றாக என்று தரையைப் பார்த்த மனுஷன் இவர்தானா என்று எனக்குத் திக்கென்றது. அக்கா டம்ளரை வாங்கினார். ஒரு வாய் அல்ல, முழுக் கஞ்சியையும் நின்றபடியே குடித்தார். "உப்பு சரியாத்தான் இருக்கு" என்றார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டார். "மதினி, நான் எங்க ஊருக்குப் போறேன். பெரியவுகளக் கூட்டி நானே அத்துக்கிறேன்."

நாத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லிக் குடுத்தது ஆத்தா அம்புட்டும். கோவம்னா என்னைய நாலு அடி அடி" என்று அழுதார். அக்கா சொன்னார்: "உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல மதினி. நீங்க மூஞ்சிக்கு நேரா சொன்னீக. அவரு சொல்லவே இல்ல."

நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் வயிற்றுப் படம் நிறம் நிறமாகக் கம்ப்யூட்டரில் வருகிறது. எத்தனை பங்கு இறங்கியது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது. உசிலம்பட்டி பஸ்ஸில் போனால், சுவரில் 'இடுமருந்து எடுக்கப்படும்' என்று சுண்ணாம்பில் எழுதியது முன்பு போலவே இருக்கிறது, கீழே செல்போன் நம்பர் மட்டும் புதுசு. அதைப் பார்க்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கறுப்பு உருண்டை இல்லை. அதற்குப் பிறகு அந்த மனுஷன் ஒருமுறை வந்தாரே, அந்தக் காலைதான்.

சில மாதங்கள் கழித்து, வயிறு இப்போது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடியும் அனுப்பியிருந்தார்கள். நாத்தனார்தான் கூட்டிவந்தார். ஆள் முன்னைவிட மெலிந்திருந்தார். வழி நன்றாகத் திறந்திருக்கிறது, தையலில் குறையில்லை, பின்னே ஏன் இப்படி என்று டாக்டருக்கே புரியவில்லை. நான் இட்லியை மடியில் வைத்தேன். அவர் தொடவில்லை. தன் இடது பக்கம் திரும்பி, அங்கே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"வீட்டுலயும் இதேதான் தாயி" என்றார் நாத்தனார். "நான் வேணா ஒரு வாய் தின்னு காட்டட்டுமாடா?"

அவர் சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ வேண்டாம். கிழங்கு குடுத்தவ நீதான?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அவளை வரச் சொல்லுங்கம்மா. அவ தின்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

இட்லி ஆறிப்போயிற்று. நான் அதை ஈயத் தொட்டியில் போட்டு மூடிவிட்டு, நாத்தனாரை வெளியே கூட்டிவந்து, ஒரு தடவை அக்காவைப் போய்ப் பார்த்துப் பேசலாமே என்றேன். என்ன இருந்தாலும் ஒரு உயிர் ஆயிற்றே என்று தோன்றியது.

"போகாம இருப்பனா? கப்பலூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குப் போகுது. வாசல்லயே நின்னு, காலப் பிடிக்காத குறையாக் கேட்டேன். ஒரு வாய், ஒரே ஒரு வாய் வந்து தின்னுட்டுப் போயிரு ஆத்தான்னு." அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "'எனக்குப் பசிக்கல மதினி'ன்னுட்டு உள்ள போயிட்டா."